கிட்னி டாக்டரும் ஆதரவு சிகிச்சைக் குழுவும்: வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பது வருடம் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸாக இருந்தேன். இப்போது வீடு வீடாகப் போகும் ஆதரவு சிகிச்சைக் குழுவில் இருக்கிறேன். அங்கே இருந்தபோது யாராவது 'பேலியேட்டிவ்' (ஆதரவு சிகிச்சைக்கு ஆங்கிலப் பெயர்) என்று வாயெடுத்தால் யூனிட்டே அமைதியாகிவிடும். இங்கே வந்தால், சீட்டில் 'கிரியாட்டினின் 9' (சிறுநீரகம் மிகவும் பழுதாகிவிட்டதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) என்று பார்த்ததும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மருந்து எழுதத் தயங்குகிறார்கள். நடுவில் அல்லாடுவது வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. மருந்துகளின் பெயர் வரும், அளவு வராது. அதை உங்கள் நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆதரவு சிகிச்சை என்றால் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிரிப்பதுதானே?

இல்லை. வலி, அரிப்பு, மூச்சிரைப்பு, தூக்கமின்மை, பயம், பணக்கவலை என்று நோயோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றைக் கவனிப்பது ஆதரவு சிகிச்சை. நோய்க்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதுவும் நடக்கலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் 40 வயதுக்காரருக்கும் இது உண்டு. ஹாஸ்பிஸ் என்பது இதன் கடைசிப் பகுதி. நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு, இருக்கிற நாட்களை உபாதை இல்லாமல் கழிக்க உதவுவது.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா. அது புற்றுநோயாளிகளுக்கானது. பின்னால் வந்தவற்றில் பலவும் அப்படித்தான். அதனால் 'பேலியேட்டிவ்' என்றாலே கேன்சர் என்று ஊரில் பதிந்துவிட்டது. கிட்னி நோயாளி வீட்டு வாசலில் எங்கள் வண்டி நின்றால், "அவருக்குக் கேன்சரா, சொல்லவே இல்லையே?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

கிட்னி டாக்டர் பார்க்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. இதில் இன்னொரு குழு எதற்கு?

யூனிட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் எடை, பிரஷர், ஹீமோகுளோபின், பொட்டாசியம். நாலு மணி நேரம் முடிந்ததும் இவரை இறக்கி அடுத்த ஆளை ஏற்ற வேண்டும். "ராத்திரி தூங்கினீங்களா ஐயா?" என்று கேட்க நேரம் இருந்ததில்லை. கேட்டாலும் பதிலை எழுத சீட்டில் இடம் இல்லை.

வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஆறு வருடம் நான் ஊசி குத்திய ஒரு தாத்தா, அரிப்பு தாங்காமல் ராத்திரி முழுக்க வாசல் நிலையில் முதுகைத் தேய்ப்பாராம். நிலையில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் போய், மரம் பளபளவென்று இருந்தது. சொறிந்துவிடுவதற்கென்று பாட்டி தலைமாட்டில் ஒரு மரச்சீப்பு வைத்திருந்தார். யூனிட்டில் அவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. "இதுக்கெல்லாம் மருந்து இருக்கா சிஸ்டர்?" என்றார்.

இருக்கிறது. தோல் வறளாமல் களிம்போ எண்ணெயோ தடவுவது, பாஸ்பரஸைச் சரிபார்ப்பது, அதற்கும் அடங்காவிட்டால் கபாபென்டின் என்ற நரம்பு மருந்து. கபாபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவைக் கொடுத்தால் ஆள் தள்ளாடி விழுவார். தாத்தா விஷயத்தில் அரிப்பைக் கண்டுபிடித்தது நாங்கள். அளவை நன்றாகக் குறைத்து, டயாலிசிஸ் நாளில் மட்டும், அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு என்று எழுதியது கிட்னி டாக்டர். ராத்திரியில் கால் சும்மா இருக்காமல் ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும் தொல்லையும் அதோடு குறைந்தது.

வலிக்கு மார்ஃபின் கொடுப்பார்களாமே. அது கிட்னி நோயாளிக்கு ஆகுமா?

இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இரண்டு குழுவும் பேசிக்கொள்ள வேண்டும். மார்ஃபினை ஈரல் உடைக்கும். உடைந்தவை சிறுநீரில் போக வேண்டும். போக வழியில்லை என்றால் உடம்பிலேயே சேரும். ஆள் தூங்கிவழிவார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், மூச்சு மந்தமாகும்.

சர்க்கரையால் கால்விரல் கறுத்துப்போன ஒரு அம்மாவுக்கு இப்படி நடந்தது. அவர் டயாலிசிஸ் நோயாளி என்பது மார்ஃபின் எழுதியவருக்குத் தெரியும். ஆனால் யூனிட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் மகள், "அம்மா நல்லா தூங்குறாங்க சிஸ்டர், வலியே இல்ல" என்று சந்தோஷமாகப் போனில் சொன்னார். போய்ப் பார்த்தால் தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மீட்டார்கள். அதற்கப்புறம், கிட்னி நோயாளிக்கு வலி மருந்து எழுதுமுன் யூனிட்டுக்கு ஒரு போன் என்பதை நாங்கள் விடுவதில்லை.

மாற்று இருக்கிறது. தோலில் ஒட்டும் ஃபென்டானில், புப்ரினார்ஃபின் பேட்ச்கள் சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. பழகிய டாக்டர் கையில் மெத்தடோனும் உதவும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால். மார்ஃபினைப் பார்த்து பயப்படுகிற வீடுகள், மெடிக்கலில் "மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட யோசிப்பதில்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச சிறுநீரக வேலையையும் அதுதான் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம்.

உங்கள் குழுவை எப்போது கூப்பிட வேண்டும்?

டாக்டர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இவர் இன்னும் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" இருக்காது என்றால் அன்றைக்கே கூப்பிடலாம். வீட்டிலிருந்தே தெரியும் அறிகுறிகளும் இருக்கின்றன. டயாலிசிஸ் முடிந்து வந்த அன்றும் படுக்கை, மறுநாளும் படுக்கை. சில மாதத்துக்குள் இரண்டு மூன்று அட்மிஷன். மெஷினில் பிரஷர் இறங்கிப் பாதியில் நிறுத்துவது. தானாகக் குளிக்க முடியாமல் போவது. சோறு இறங்காதது.

நடைமுறையில் எங்களுக்குப் போன் வருவது கடைசி வாரத்தில். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்று சாவைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

உங்களிடம் பதிந்தால் டயாலிசிஸை நிறுத்தச் சொல்வீர்களா?

மாட்டோம். சிலருக்குக் கிட்னி டாக்டரே வாரம் மூன்றை இரண்டாக்குவார், அல்லது நேரத்தைக் குறைப்பார். ரத்தப் பரிசோதனை எண்ணைவிட, மூச்சு முட்டாமல் இருக்கிறதா, கால் வீக்கம் தாங்குகிறதா என்பதுதான் அப்போது கணக்கு.

வயிற்றுவழி டயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யாமல், பையில் வரும் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு எடுப்பது) செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வசதி. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் இருக்கிறது, டயாலிசிஸ் பை கொடுப்பதும் இருக்கிறது. பை வரும் வீட்டில் வலியோ படுக்கைப்புண்ணோ இருந்தால் அந்தப் பணியாளரிடமே சொல்லலாம்.

இரண்டு குழு என்றால் யார் பொறுப்பு? ராத்திரி மூச்சு வாங்கினால் யாருக்குப் போன் செய்வது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், ஒரு 40 பக்க நோட்டு போதும். நாங்கள் கொடுக்கும் நோட்டு நோயாளி கூடவே போகும். யூனிட்டுக்குப் போனால் டெக்னீஷியன் எழுதுவார், நாங்கள் வீட்டுக்குப் போனால் நாங்கள் எழுதுவோம். முதல் பக்கத்தில் நோயாளியின் டிரை வெயிட் (கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை), மருந்துப் பட்டியல், எதற்கு யாரைக் கூப்பிடுவது, அப்புறம் அவர் என்ன விரும்புகிறார் என்பது. "ஐசியு வேண்டாம். ஊசி குத்த நரம்பு கிடைக்கிறவரைக்கும் டயாலிசிஸ் வேணும். பேத்தி கல்யாணம் தை மாசம்" என்று ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, அவர் சொன்ன வார்த்தையிலேயே.

உள்ளே ஒரு பக்கத்தில் யூனிட் கையெழுத்து: "செவ்வாய். 3.5 கிலோ கூடுதல். பாதியில் பிரஷர் 80. நீரை முழுக்க எடுக்க முடியவில்லை." அதற்குக் கீழே என் கையெழுத்து: "புதன். ராத்திரி மூச்சு வாங்கி மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார். வாய் உலர்கிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர்." இரண்டும் தனித்தனிச் சீட்டில் இருந்திருந்தால் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டோம். வாய் உலர்ந்ததற்குக் காரணம் அரிப்புக்காக இன்னொரு இடத்தில் வாங்கிய மாத்திரை. அதை நிறுத்தி, ஐஸ் துண்டு சப்பச் சொல்லி, ஊறுகாயையும் அப்பளத்தையும் எடுத்துவைத்தோம். அடுத்த செவ்வாய் 2 கிலோதான் கூடுதல்.

ராத்திரிப் போன் எங்களுக்கு. தலையை உயர்த்தி உட்கார வைப்பது, முகத்துக்கு நேரே ஃபேன், சிறுநீர் போகிறவராக இருந்தால் அதற்கான மாத்திரை என்று படிப்படியாகச் சொல்வோம். அவசர டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, வீட்டிலேயே மூச்சுத்திணறலை அடக்குவதா என்பதை மட்டும் ராத்திரி 2 மணிக்கு முடிவு செய்யக் கூடாது. பகலில், கிட்னி டாக்டர் எதிரில் பேசி, முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பாட்டிக்கு 82 வயது. கிரியாட்டினின் ஏறிவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சைமுறைதான். பிரஷர், ரத்தசோகை, நீர்வீக்கம், அரிப்பு எல்லாவற்றையும் மருந்தால் கவனிப்பார்கள், மெஷின் மட்டும் இருக்காது. இப்படி மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு, ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009-ல் வந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். முன்பு எப்படி நடமாடினார்களோ அப்படியே இருந்தது 13 சதவீதம் பேர்தான். அவர்கள் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் பாட்டி தினமும் கோயிலுக்கு நடந்துபோய் வருபவர் என்றால் கணக்கு வேறு.

முடிவெடுக்க முடியவில்லையா? "ஒரு மாதம் செய்து பார்க்கலாம், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம்" என்று தேதி குறித்துத் தொடங்கலாம். அந்தத் தேதியில் கட்டாயம் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதம் மூன்று வருடமாகும்.

அப்பாவே "போதும், நிறுத்திடலாம்" என்கிறார். என்ன செய்வது?

முதலில் ஏன் என்று கேளுங்கள். மெஷினில் உட்கார்ந்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது என்பதற்காகச் சொன்னவர் உண்டு. நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்ததும் அந்தப் பேச்சே இல்லை. மனச்சோர்வில் சொல்பவர் உண்டு, அதற்கு மருந்து உண்டு. நம் ஊரில் அதிகம் கேட்பது பணம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைக்கும். ஆனால் வாரம் மூன்று முறை ஆட்டோ, கூடவே வரும் மகனுக்கு மூன்று நாள் கூலி. "பையன் பொழப்பு போவுது" என்பது நிறுத்துவதற்கான காரணம் அல்ல, நாங்கள் தீர்க்க வேண்டிய பிரச்சினை. வீட்டுக்குப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றியதும் மனசு மாறியவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும், தெளிவான மனதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களில் அதையே சொன்னால் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதுதான். நிறுத்திய முதல் சில நாட்களில் மனம் மாறினால் திரும்பவும் யூனிட்டுக்குப் போகலாம். அதனால்தான் அந்த இடத்தை உடனே வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று யூனிட்டில் சொல்லிவைக்கிறோம்.

இது தற்கொலை இல்லையா? தலைக்கூத்தல் மாதிரி ஆகிவிடாதா?

தென்மாவட்டங்களில் இதைக் குரல் தாழ்த்திக் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்தான். தலைக்கூத்தல் என்பது முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் பழைய வழக்கம். தலைக்கூத்தலில் சாவை வரவழைப்பது மற்றவர்கள். வயதானவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அது கொலை. இங்கே, சிகிச்சையின் பாரம் பலனைவிடக் கூடிவிட்டது என்று நோயாளியே முடிவு செய்கிறார். உயிர் போவது நோயால்.

2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. தனக்கு நினைவு தப்பினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கினார்கள்: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து போதும். நோயாளியால் பேச முடியாத நிலையில் ஆஸ்பத்திரி முடிவெடுக்க வேண்டியிருந்தால், மூன்று மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும்.

நிறுத்தினால் எத்தனை நாள்? கஷ்டப்படுவாரா?

சிறுநீரே போகாதவர் என்றால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். கொஞ்சம் போகிறது என்றால் சில வாரம்கூட ஆகலாம். யூரியா ஏற ஏற தூக்கம் கூடும், பேச்சு குறையும், கடைசி ஒன்றிரண்டு நாள் பெரும்பாலும் தூக்கத்திலேயே. கஷ்டம் வரும் என்றால் அது நுரையீரலில் நீர் கோப்பதாலும் குமட்டலாலும் கை கால் வெட்டுவதாலும். மூன்றுக்கும் மருந்து உண்டு. வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டு "திங்கள்கிழமை டீம் வரும்" என்று அனுப்பிவைக்கக் கூடாது. நிறுத்தும் அன்றே மருந்து வீட்டில் இருக்க வேண்டும்.

இளநீர் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஐந்து வருடமாக இளநீர், வாழைப்பழம், கீரைக்குத் தடை போட்டவளே நான்தான். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்று பயமுறுத்தியும் இருக்கிறேன். அது உண்மையும்கூட. டயாலிசிஸ் தொடர்கிறவருக்கு அந்தத் தடை அப்படியே இருக்கட்டும். நிறுத்திவிட்டவருக்கு, ஆசைக்கு இரண்டு மடக்கு நனைத்துக்கொள்ளலாம். என்ன ஆகலாம் என்பதை அவரிடமும் வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் மூச்சு முட்டும். ஒரு பெரியவர் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு, "என்ன சிஸ்டர், ஒண்ணும் ஆகலயே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பழைய மாத்திரைகளைத் தொடர வேண்டுமா?

கொலஸ்ட்ரால் மாத்திரை, வைட்டமின் போன்றவை பெரும்பாலும் போகும். பிரஷர் மாத்திரையை மறுபடி பார்ப்பார்கள். முக்கியமாக இன்சுலின். உடம்பில் இன்சுலினைக் கரைப்பதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது படுத்துவிட்டால் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்யும். சாப்பாடும் குறைந்திருக்கும். பழைய அளவையே போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி ஆள் நினைவிழப்பார், வீட்டில் "கடைசி நேரம் வந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள்.

கழுத்தில் இருக்கும் டயாலிசிஸ் குழாய், கையில் இருக்கும் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்), இவற்றை என்ன செய்வது?

அப்படியே இருக்கட்டும். குழாயை வீட்டில் யாரும் இழுக்கக் கூடாது, ரத்தம் நிற்காது.

"அப்பாவிடம் எதையும் சொல்லாதீர்கள்" என்று கேட்டால் மறைப்பீர்களா?

பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டு உடைக்கவும் மாட்டேன். "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும் ஐயா?" என்று கேட்பேன். வாரம் மூன்று முறை பக்கத்துக் கட்டிலில் யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தெரியாததை நாம் எதைச் சொல்லப்போகிறோம்?

வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்குமாமே?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கேட்பது இது. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு டயாலிசிஸுக்கும் பணம் தருகிறது, ஹாஸ்பிஸுக்கும் தருகிறது. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பையே காரணமாகக் காட்டி ஹாஸ்பிஸில் சேர்ந்தால், டயாலிசிஸ் செலவு அந்த ஹாஸ்பிஸ் தலையில். அதனால் டயாலிசிஸை விட்டால்தான் பெரும்பாலும் சேர முடிகிறது. 2000 முதல் 2014 வரை அங்கே இறந்த ஏழரை லட்சத்துக்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர்தான் இறக்கும்போது ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்தார். அப்படி இருந்தவர்களிலும் ஐந்தில் இரண்டு பேருக்கு அது கிடைத்தது மூன்று நாளோ அதற்கும் குறைவோ. நம்மிடம் பணம் இல்லை, அவர்களிடம் விதி இடிக்கிறது.

இறந்த பிறகு எங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஏதாவது?

மிச்சமிருக்கும் மார்ஃபின், பேட்ச் எல்லாவற்றையும் எண்ணி எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். பிரிக்காத டயாலிசிஸ் பைகளைப் பற்றிப் பணியாளரிடம் சொல்லுங்கள். அப்புறம், யூனிட்டுக்கு ஒரு போன். அங்கே அதே நேரத்துக்கு வரும் மற்றவர்கள், "நாலாம் நம்பர் கட்டில்காரர் ஏன் வரல?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். துட்டிக்கு வர வேண்டும் என்று நினைக்கும் டெக்னீஷியன் தம்பிகளும் அங்கே உண்டு; எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.